மற்றும் பலரில் ஒருவர்

கிணற்று விளிம்பில் குப்புறப் படுத்து, கழுத்தை உள்ளே நீட்டி, காசிராஜன் முதலில் மோந்து பார்ப்பார். வாசலில் நின்றபடியே இன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு என்று கண்டுபிடிக்கிறவர் முகத்தில் இருக்குமே ஒரு கவனம், அது அப்போது அவர் முகத்தில் இருக்கும். வாடை பிடிக்கவில்லை என்றால் வேப்பங்குழை ஒரு கட்டு ஒடித்துக் கயிற்றில் கட்டி இறக்கி, உள்ளே தேங்கிய கெட்ட காற்று கலையும்படி மேலும் கீழுமாக நன்றாக அலசுவார். பிறகு ஓர் அரிக்கேன் விளக்கை ஏற்றி இறக்குவார். விளக்கு அணையாமல் திரும்பி வந்தால், நல்லெண்ணெயில் நனைத்த பஞ்சை இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு, "ஆத்தா, கோமதி!" என்று ஊர் அம்மனுக்கு ஒரு சத்தம். அவ்வளவுதான், ஆள் தண்ணீருக்குள் இருப்பார்.

சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் கிணற்றுக்குள் எது விழுந்தாலும் முதலில் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி விட்டுத் துழாவுவார்கள். அதன் கொக்கிகளில் ஒன்றும் மாட்டவில்லை என்றால் காசிராஜன் வீட்டுக்கு ஆள் வரும். செம்புக் குடம், வாளி, உலக்கை, கொலுசு, ஆட்டுக்குட்டி என்று அவர் எடுத்துக் கொடுக்காத பொருள் இல்லை. பம்புசெட்டுகள் பெருகிய பிறகு, குழாயின் அடிமுனையில் இருக்கும் புட்வால்வில் அடைத்த பாசியை எடுக்கிற வேலையும் சேர்ந்துகொண்டது. பனவடலிசத்திரத்தில் ஒரு புது மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தை இவர் மீட்டுக் கொடுத்த கதை பிரசித்தம். "ரெண்டு நாளு தண்ணிக்குள்ள கிடந்திருக்கு. எடுத்தா, ஓடிக்கிட்டுல்லா இருக்கு! காதுல வச்சுக் கேட்டேன்" என்பார். அவருக்கு இடது காது அறவே கேட்காது, வலது காது பாதிதான் கேட்கும் என்பதை அறிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள்.

தண்ணீர் புகுந்து புகுந்து கெட்ட காது. அதனாலேயே குரல் பெருத்துவிட்டது. பக்கத்தில் நிற்பவரிடம் மணி கேட்டால் ரயிலடி வரைக்கும் கேட்கும். பேச்சுக்கு நடுவே தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, உள்ளங்கையால் பொட்டில் இரண்டு தட்டுத் தட்டுவார். என்றைக்கோ புகுந்த தண்ணீர் இன்னும் மிச்சம் இருப்பதாக அவருக்கு நினைப்பு.

ஆள் ஒல்லி. நெஞ்சுக்கூடு மட்டும் வேறு யாரிடமோ வாங்கி மாட்டியது போல அகலம். வயது நாற்பத்தைந்துக்குப் பக்கம். பீடி, சிகரெட் கிடையாது. டீக்கடையில் பக்கத்து ஆள் பீடி பற்றவைத்தால் தம்ளரோடு எழுந்து தெருவுக்குப் போய்விடுவார். "மூச்சுதாம்வே நமக்கு முதலு. அதைப் புகையா ஊதிட்டு நான் எங்கன போயி தொழில் பண்ண?" என்று கேட்பார்.

எப்போதாவது போலீஸ் ஸ்டேஷனிலிருந்தும் ஆள் வரும். அப்போது காசிராஜன் எதுவும் கேட்க மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே போவார். உள்ளே கிடக்கிறவரைத் தோளோடு அணைத்து மேலே கொண்டுவந்து படியில் கிடத்தி, முகத்தில் ஒட்டியிருக்கும் முடியை ஒதுக்கிவிட்ட பிறகுதான் விலகுவார். அந்த வேலைக்குக் கூலி வாங்குவதில்லை. யாராவது பணத்தை நீட்டினால், "அதை மட்டும் பேசாதீய" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்துவிடுவார்.

இதெல்லாம் தொழில். ஆனால் புது ஆள் ஒருவரைப் பார்த்தால் அவர் தொழிலைச் சொல்லி ஆரம்பிப்பதில்லை. "பேரு காசிராஜன். படத்துல நடிச்சிருக்கேன்" என்று சொல்லி நிறுத்துவார். என்ன படம், என்ன வேஷம் என்று எதிராளி கேட்டே ஆக வேண்டும். கேட்கிற வரைக்கும் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். கேட்டதும், ராஜபார்ட் கட்டினவர் சொல்வது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்: "பொணம்."

படத்தின் பெயர் 'ஏழாவது படி'. எங்கு பார்த்தாலும் கலர்ப் படம் ஓடிய எண்பதாம் வருஷத்தில், கறுப்பு வெள்ளையில் எடுத்த மர்மப் படம். பண்ணையார் ஒருவர் தம் தோட்டத்துக் கிணற்றில் பிணமாக மிதக்கிறார், கிணற்றின் ஏழாவது படியில் ஒரு வளையல் துண்டு கிடக்கிறது, கொன்றது யார்? இதுதான் கதை. இதற்குத் தோதாகப் படி வைத்த கிணறு தேடி, ஒரு வேனும் ஒரு பழைய காருமாகச் சென்னையிலிருந்து வந்து சங்கரன்கோவிலில் இறங்கினார்கள். செலவுக்கு யோசிக்கிற கம்பெனி என்பது முதல் நாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. கதாநாயகனே பாதுஷாவின் கடைக்கு வந்து, வாடகைக்கு ஒரு சைக்கிளை எடுத்து, அதை மிதித்துக்கொண்டு படப்பிடிப்புக்குப் போனார்.

பாதுஷா சைக்கிள் கடைக்காரர். காசிராஜனுக்கு அடுத்த வீடு. சின்ன வயதிலிருந்தே கூட்டாளி. காசிராஜனை ஒரு வார்த்தையாவது கேலி பேசாவிட்டால் அவருக்குக் காலை டீ தொண்டையில் இறங்காது. கதாநாயகன் தன் சைக்கிளில் ஏறியதும் கடையைப் பூட்டிவிட்டு அவரும் பின்னாலேயே வேடிக்கை பார்க்கப் போனார். ஊரில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள்.

அன்று காலையெல்லாம் கிணற்றடியில் கூத்துதான். பண்ணையாராக நடிக்க வந்த சென்னை நடிகர் மூன்றாவது படியிலேயே நின்றுகொண்டு, தண்ணீர் சில்லென்று இருக்கிறது, இறங்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். வைக்கோலைத் திணித்து ஒரு பொம்மை செய்து, வேட்டி கட்டி, உள்ளே எறிந்தார்கள். அது முதலில் ஒருக்களித்துப் படுத்தது. பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்தது. கூட்டம் சிரித்த சிரிப்பில் டைரக்டருக்கு முகம் சுண்டிப்போனது. அவருக்கு அது முதல் படம். உச்சி வெயில் ஏறியதும், இதில் ஒன்றும் சுவாரசியம் இல்லை என்று ஆட்கள் கலைந்து போனார்கள். பாதுஷாவும் கடைக்குத் திரும்பிவிட்டார். கிணற்றுக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரர் அன்று தென்காசிக்குப் போயிருந்தார். அதற்கு அப்புறம்தான் வேன் டிரைவர் யாரிடமோ விசாரித்துக்கொண்டு காசிராஜனைத் தேடி வந்தார். நடந்ததைப் பார்க்க ஊர் ஆள் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லாமல் போனது இப்படித்தான்.

"நான் 'கட்'னு சொல்ற வரைக்கும் அசையவே கூடாது. புரியுதா?" என்றார் டைரக்டர். காசிராஜன் தலையை ஆட்டினார். பண்ணையாரின் பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டார். வழக்கம் போல இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டார். "ஆத்தா, கோமதி!" என்றார். நெஞ்சு நிறைய மூச்சை வாங்கிக்கொண்டு தண்ணீரின் மேல் கவிழ்ந்தார்.

கேமரா ஓடியது. காசிராஜன் மிதந்தார். தலை தாழ்ந்து, தோள் மட்டும் வெளியே தெரிய, கைகள் இரண்டும் அடியில் தொங்க, தண்ணீர் எந்தப் பக்கம் தள்ளியதோ அந்தப் பக்கம் மெதுவாகத் திரும்பினார். டைரக்டர் "கட்" என்றார். பிணம் அசையவில்லை. இன்னொரு தரம் "கட்" என்றார். மூன்றாம் தரம் அலறினார். காதில் பஞ்சு; காதே தண்ணீருக்குள். யார் சொன்னது யாருக்குக் கேட்கும்? மேலே இருந்தவர்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேமராக்காரர் கேமராவை நிறுத்த மறந்துபோய் நின்றார். உதவி டைரக்டர் "ஐயோ, கொன்னுட்டோமே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். டைரக்டர் கண்ணாடி, கைக்கடிகாரம், பூட்ஸ் எல்லாவற்றோடும் கிணற்றுக்குள் குதித்துவிட்டார். குதித்த பிறகுதான் தமக்கு நீச்சல் தெரியாது என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

தண்ணீர் கலங்கியதும் பிணம் தலையைத் தூக்கிப் பார்த்தது. முங்கிக்கொண்டிருந்தவரின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து வந்து படியில் உட்காரவைத்து, "என்ன சார், பொணத்துக்குத் தொணையா?" என்று கேட்டது. டைரக்டர் இருமி முடித்துவிட்டு, ஈரத்தோடு அவரைக் கட்டிக்கொண்டார். "டைட்டில்ல உங்க பேர் வரும் அண்ணாச்சி" என்று இரண்டு தரம் சொன்னார்.

மிதக்கிறபோது மனதில் என்ன ஓடியது என்று கேட்டால் மற்ற நேரத்துச் சத்தம் அவரிடம் இருக்காது. "நான் எடுத்துப் போட்ட ஆளுகளை நெனைச்சுக்கிட்டேன். அவங்க எப்பிடிக் கிடந்தாங்களோ அப்பிடியே கிடந்தேன். அதுல போயி வெளையாட முடியுமா?" என்பார். சொல்லிவிட்டுப் பொட்டில் தட்டிக்கொள்வார்.

வீட்டில் புட்வால்வு வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். மனைவி சுந்தரம்மாளிடம் விஷயத்தைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. ரகசியமாகத்தான் சொன்னார், ஆனால் அது தெரு முழுக்கக் கேட்டது. சுந்தரம்மாள் எழுந்து, எழவு வீட்டுக்குப் போய்வந்தவர் மேல் ஊற்றுவது போல வாசலிலேயே அவர் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது. "உங்களுக்கு ஆயுசு கெட்டியா இருக்கணும்னு நான் செவ்வாய் வெள்ளி தவறாம கோயிலுக்குப் போயிட்டு வாரேன். நீங்க கூலி வாங்கிக்கிட்டுச் செத்துட்டு வாரீங்க. நல்லாயிருக்கு!"

சுந்தரம்மாள் கோபக்காரர் அல்ல, பயந்தவர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, புருஷன் உள்ளே இறங்குகிற கிணற்றின் பக்கம் அவர் போனதே கிடையாது. யாராவது தேடி வந்து இவரைக் கூட்டிக்கொண்டு போனால், அன்று அரிசி புடைப்பதும் வீடு மெழுகுவதுமாகக் கையில் ஒரு வேலையை வைத்துக்கொண்டே இருப்பார். இவர் ஈர வேட்டியோடு வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். இது காசிராஜனுக்குத் தெரியும். தெரியும் என்று சொல்லிக்கொண்டதில்லை.

படம் சென்னையில் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. ஒரு தினசரி 'மர்மமே இல்லாத மர்மப் படம்' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. ஒரு வாரப் பத்திரிகை மட்டும் அரைப் பக்கம் ஒதுக்கி விமரிசனம் எழுதியிருந்தது. பாதுஷா அதைக் கையில் சுருட்டிக்கொண்டு, காசிராஜன் டீ குடிக்கிற நேரம் பார்த்து வந்து, அவருடைய வலது காதுக்குப் பக்கத்தில் நின்று உரக்க வாசித்தார்.

"கொலையாளி யார் என்பது இரண்டாவது ரீலிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. கணக்குப்பிள்ளை தலையைக் காட்டும்போதெல்லாம் டமாரம் அடித்தால் தெரியாமல் என்ன செய்யும்? போலீசுக்கு மட்டும் கடைசி வரை தெரியவில்லை. கதாநாயகன் அழும்போது தியேட்டர் சிரிக்கிறது. இத்தனை பேரில் இயல்பாக நடித்திருப்பவர் ஒரே ஒருவர்தான். அவர், கிணற்றில் மிதக்கும் பிணம்."

பாதுஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீக்கடையே சிரித்தது. காசிராஜன் சிரிக்கவில்லை. "கடேசி வரியை இன்னொருக்கா வாசியும்" என்றார். வாசித்தார். "இன்னொருக்கா." மறுபடியும் வாசித்தார்.

"எம் பேரு போட்டிருக்கானா?"

"பேரு இல்ல. பொணம்னுதான் போட்டிருக்கு."

"பொணம்னா நாந்தானவே!"

"வே, இது கேலிவே. மத்தவன் நடிப்பைக் கிண்டல் பண்ணதுக்கு இப்படி எழுதியிருக்கான்."

"கேலியாவே இருக்கட்டும். மத்த எவனும் சரியில்லன்னு எழுதியிருக்கானா இல்லையா? ஒருத்தன் மட்டும் சரியா செஞ்சிருக்கான்னு எழுதியிருக்கானா இல்லையா?" காசிராஜன் பத்திரிகையைப் பிடுங்கி மடியில் சொருகிக்கொண்டார். "படம் நம்ம ஊருக்கு வரட்டும். அப்பப் பேசும்."

அடுத்த சில மாதங்கள் அவருக்குத் தலைகால் புரியவில்லை. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டங்களில் புட்வால்வு பார்க்கப் போனால், முதலில் பத்திரிகை, பிறகுதான் வேலை. தோட்டக்காரர் கிணற்று மேட்டில் உட்கார்ந்து விமரிசனம் முழுவதையும் வாசித்தாக வேண்டும். காசிராஜன் தலையைச் சாய்த்துக்கொண்டு, முதல் தடவை கேட்பவர் போலக் கேட்பார். அந்தப் பக்கத்து எலுமிச்சைக்காரர்களுக்கு அந்த வரி மனப்பாடம் ஆகிவிட்டது.

கடைசியில் படம் சங்கரன்கோவிலுக்கே வந்தது. கொட்டகை மேனேஜர் சிவராமலிங்கம் கெட்டிக்காரர். போஸ்டருக்குக் கீழே 'நம் ஊர்க் கிணற்றில் படமாக்கப்பட்டது' என்று தனியாக ஒரு துண்டு அச்சடித்து ஒட்டினார். மைக் கட்டிய குதிரை வண்டி மூன்று நாள் தெருத் தெருவாகச் சுற்றியது. சென்னை கைவிட்ட படத்துக்குத் திருவேங்கடத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். காசிராஜன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, முதல் நாள் முதல் ஆட்டத்துக்கே போய் பாதுஷா பக்கத்தில் உட்கார்ந்தார்.

டைட்டில் ஓடியது. கதாநாயகன் பெயர், பண்ணையார் பெயர், கணக்குப்பிள்ளை பெயர் எல்லாம் வந்தது. கடைசியில் 'மற்றும் பலர்' என்று வந்து மறைந்தது.

"எங்கவே உம்ம பேரு?" என்றார் பாதுஷா.

"மற்றும் பலர்னு போட்டான்லா? அந்தப் பலர்ல ஒரு ஆளு நான்." சொன்ன குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது.

கிணறு வந்ததும் கொட்டகை அதிர்ந்தது. "ஏலே, நம்ம கிணறு! நம்ம வேப்பமரம்!" என்று விசில் பறந்தது. ஓரத்தில் கட்டிக் கிடந்த காளையைக்கூட, "அது நம்ம சங்கரநயினார் வீட்டுச் செவலை" என்று ஒருவர் எழுந்து நின்று சொன்னார். கதாநாயகன் சைக்கிளில் வந்தார். செயின் கவரில் 'பாதுஷா சைக்கிள் மார்ட்' என்று கொட்டை எழுத்தில் தெரிந்தது. அதற்குக் கைதட்டல். பாதுஷா எழுந்து நாலா பக்கமும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். அடுத்து பிணம் வந்தது. குப்புற மிதந்த பிணம். முதுகும் பிடரியும் தவிர ஒன்றும் தெரியவில்லை. வெகு நேரம் மிதந்தது. கொட்டகை மூச்சுக் காட்டாமல் பார்த்தது. அடுத்த காட்சியில் பிணத்தைக் கரையில் கிடத்தியிருந்தார்கள். முகத்தைக் காட்டினார்கள். அது சென்னை நடிகர் முகம்.

ஊர் காளையை நம்பியது, சைக்கிளை நம்பியது. காசிராஜனை நம்பவில்லை. "மெட்ராஸ்காரன் மூஞ்சிதானவே அது?" என்றார்கள். "நான் கண்ணால பாத்தேன். வைக்கப்பொம்மையைத்தான் போட்டாங்க" என்றார் பாதுஷா, காலையில் அவர் பார்த்தது பொம்மையைத்தான். "பொம்மை எந்திரிச்சு உக்காந்துட்டுதுன்னு நீருதான சொன்னீரு? படத்துல உக்காருதா?" என்று காசிராஜன் கேட்டது எடுபடவில்லை. ஒரு நாள் சைக்கிள் கடை வாசலில் சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டி நின்றார். நாலு பேர் சுற்றி வந்து பார்த்தார்கள். "எல்லா முதுகும் ஒண்ணுபோலதாம்வே இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதோடு ஊருக்கு நல்ல சிரிப்பு. டீக்கடையில் "என்ன பொணம், டீ சாப்பிடுதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இருந்தாலும் படம் ஓடுகிற அத்தனை நாளும் ஓர் ஆட்டமாவது பார்த்துவிடுவார். வேலை இருந்தால் அதை முடித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து உட்காருவார். டைட்டில் முடிந்து, கிணறு முடிந்து, முகம் வந்ததும் எழுந்து போய்விடுவார். பொய்க்காரன் என்று பெயர் வாங்கியது அவருக்கு உள்ளுக்குள் அறுத்தது. கிணற்றுக்குள் விழுந்த நகையை எடுக்க அவரைத் தனியாக இறக்கிவிட்டு மேலே நிம்மதியாக வெற்றிலை போடுகிற ஊர் இது. அந்த ஊர் தன் சொல்லை நம்பாமல் போனதை அவரால் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சுந்தரம்மாளிடம் கேட்டுவிட்டார். "நீ ஒரு தடவை வந்து பாரேன். ஊரு நம்பாட்டாலும் போகுது. நீ பாத்தா எனக்குப் போதும்."

சுந்தரம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "உங்களைப் பொணமா பாக்கதுக்கு நான் டிக்கெட்டு எடுத்துக்கிட்டு வரணுமாக்கும்? இந்த ஒண்ணை மட்டும் எங்கிட்டக் கேக்காதீங்க."

காசிராஜன் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

பாதுஷாவின் மனைவி மைமூனம்மாளும் சுந்தரம்மாளும் தெருக்குழாயில் ஒன்றாகத் தண்ணீர் பிடிக்கிறவர்கள். மைமூனம்மாளுக்கு மனதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. "ஏட்டி சுந்தரம், எங்க வீட்டு ஆம்பளை ரொம்பத்தான் ஆடுதாரு. உம் மாப்பிள்ளை அண்டப்புளுகு புளுகுதாருன்னு டீக்கடையில பேச்சாம். எனக்குக் கேக்கவே சங்கடமா இருக்கு" என்றார்.

சுந்தரம்மாளுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. குடம் நிறைந்து வழிந்ததுகூடத் தெரியவில்லை. "எங்க வீட்டுக்காரரு ஆயிரம் வாய் பேசுவாரு. பொய்யின்னு ஒண்ணு அவரு வாயில வராது. எந்தக் கழுதை அப்படிச் சொல்லுது?" என்றார்.

"அப்ப வா, நாம போயி பாத்துட்டு வருவோம்."

சுந்தரம்மாள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இந்தக் குழாயடிப் பேச்சு எதுவும் காசிராஜனுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மாட்னி. திங்கட்கிழமை படப்பெட்டி வேறு ஊருக்குப் போகிறது. கொட்டகையில் பெண்கள் பக்கத்தையும் ஆண்கள் பக்கத்தையும் பிரிக்க நடுவில் ஓர் அரைச்சுவர் உண்டு. உட்கார்ந்தால் அந்தப் பக்கம் தெரியாது. காசிராஜன் சுவரிலிருந்து நாலு ஆள் தள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தன் சைக்கிளைக் கடைசியாக ஒரு தரம் பார்க்க வந்த பாதுஷா பக்கத்தில் இருந்தார். டைட்டில் வந்து, 'மற்றும் பலர்' போய், காளையும் சைக்கிளும் வந்தன. பிறகு திரையில் கிணறு நிறைந்தது. தண்ணீர் மேல் அந்த முதுகு மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது.

பெண்கள் பக்கத்தில் பெஞ்சு ஒன்று தடாலென்று நகரும் சத்தம். ஒரு நிழல் எழுந்து திரையின் கீழ்ப்பாதியை மறைத்தது. கொண்டை போட்ட ஒரு தலை, பிணத்துக்கும் படிக்கும் நடுவில் கறுப்பாக நின்றது.

"யாரும்மா அது? உக்காரும்மா!"

"ஏய், மறைக்குது!"

அந்தத் தலை உட்காரவில்லை. பெஞ்சின் மேல் ஏறி நின்றது யார் என்பது இப்போது திரை வெளிச்சத்தில் தெரிந்தது. மைமூனம்மாள் சேலையைப் பிடித்துக் கீழே இழுக்கிறார். சுந்தரம்மாள் இறங்க மாட்டேன் என்கிறார். அவர் திரையைப் பார்க்கவில்லை. திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அரைச்சுவருக்கு இந்தப் பக்கம், ஆண்கள் கூட்டத்துக்குள் தேடிக்கொண்டிருந்தார். சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துவிடுகிற முதுகை அவருக்கு யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. இத்தனை வருஷமாக எந்தக் கிணற்றடிக்கும் வந்து பார்க்காத ஒன்றை அவர் இப்போது பார்த்துவிட்டார்.

"ஏங்க!" என்று கூப்பிட்டார்.

புருஷன் பெயரை அவர் வாயால் சொன்னது கிடையாது. இப்போதும் வரவில்லை. "ஏங்க! ஏங்க!" என்றார் மறுபடியும். ஆண்கள் பக்கத்தில் கல்யாணமான அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காசிராஜனுக்கு மட்டும் காதில் விழவில்லை. திரையை மறைக்கிற நிழலைப் பார்த்தபடி, இது எங்கேயோ பார்த்த கொண்டையாக இருக்கிறதே என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

பாதுஷாதான் முதலில் கண்டுகொண்டார். அவர் திரையில் மிதக்கிற முதுகைப் பார்த்தார். பெஞ்சின் மேல் அழுதுகொண்டு நிற்கிற பெண்ணைப் பார்த்தார். காசிராஜனின் தோளைப் பிடித்து உலுக்கி, அவருடைய நல்ல காதில் வாயை வைத்துக் கத்தினார்: "உம்மளத்தாம்வே தேடுதா! எந்திரிச்சு நில்லும்! நீரு உசுரோட இருக்கீருன்னு காட்டும்!"

கொட்டகை முழுக்க அது கேட்டது. "உக்காரு, உக்காரு" என்று கத்திக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். முன்னால் இருந்தவர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். திரையில் என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

காசிராஜன் செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சின் மேல் ஏறினார். அவருடைய நிழலும் போய்த் திரையில் விழுந்தது. நெஞ்சு நிறைய மூச்சை வாங்கிக்கொண்டு, சுந்தரம்மாளுக்கு நன்றாகத் தெரியும்படி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்.